ஜூலை 31 நெருங்குகிறது: ரிட்டர்ன் தயாரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வருமான வரி ரிட்டர்ன் தயாரித்துக் கொடுப்பதையே தொழிலாகச் செய்பவர்களுக்கான பக்கம் இது. நீங்கள் பட்டயக் கணக்காளராக இருக்கலாம், வரி ஆலோசகராக இருக்கலாம், போன வருடம்தான் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தவராகவும் இருக்கலாம். பெரும்பாலானோரின் ரிட்டர்னுக்கு ஜூலை 31 கடைசி நாள் என்பதால், ஜூலை மாதம் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் நகர்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் வருடா வருடம் எங்களிடம் கேட்கும் கேள்விகளையும் நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம். இதில் வரும் தேதிகளும் பிரிவு எண்களும் 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின்படி, 2025-26 மதிப்பீட்டு ஆண்டு (அதாவது 2024-25 நிதியாண்டின் வருமானத்துக்கு ரிட்டர்ன் போடும் ஆண்டு) வரை நடைமுறையில் இருந்தவை.

நிதியாண்டு மார்ச் 31-லேயே முடிந்துவிடுகிறது. பிறகு ஏன் எல்லா வேலையும் ஜூலையில் வந்து குவிகிறது?

கிளையன்ட் சோம்பேறி என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் காலண்டரைப் பார்த்தால் பழியில் பாதி வேறு இடத்தில் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த டிடிஎஸ்ஸுக்கான (பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) அறிக்கையைக் கம்பெனிகளும் வங்கிகளும் தாக்கல் செய்ய மே 31 வரை அவகாசம். வங்கிகள், மியூச்சுவல் ஃபண்டுகள், சார்பதிவாளர் அலுவலகங்கள் அனுப்பவேண்டிய பெரிய பரிவர்த்தனைகளின் விவரத்துக்கும் அதே மே 31. இவையெல்லாம் 26ஏஎஸ் (பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல் அறிக்கை) இரண்டிலும் வந்து உட்கார ஜூன் முதல் பாதி ஆகிவிடும். சம்பளக்காரருக்கு ஃபார்ம் 16 (சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் சான்றிதழ்) கொடுக்கவேண்டிய கடைசி தேதி ஜூன் 15. ஆக, முழு விவரத்தோடு உட்கார்ந்து வேலை செய்யக் கிடைப்பது ஒன்றரை மாதம்தான்.

அந்த ஒன்றரை மாதமும் நம் கையில் முழுசாக இல்லை. ஜூலை 7 டிடிஎஸ் கட்டவேண்டிய தேதி. 11-ல் விற்பனை விவரத்துக்கான ஜிஎஸ்டிஆர்-1, 15-ல் பிஎஃப், ஈஎஸ்ஐ, 20-ல் ஜிஎஸ்டி கட்டுவதற்கான ஜிஎஸ்டிஆர்-3பி. முதல் காலாண்டு டிடிஎஸ் அறிக்கைக்கும் கடைசி நாள் அதே ஜூலை 31. ரிட்டர்ன் போடுகிற அதே இரண்டு மூன்று பேர்தான் பெரும்பாலான அலுவலகங்களில் இவற்றையும் பார்க்கிறார்கள்.

அவசரப்பட்டு ஏப்ரலிலேயே ஃபைல் பண்ணுவதிலும் சிக்கல் உண்டு. பிடித்த டிடிஎஸ் 26ஏஎஸ்-ல் ஏறுவதற்கு முன்னால் ரிட்டர்ன் போட்டால், அந்தக் கழிவு கிடைக்காமல், மீதி வரி கட்டச் சொல்லி டிமாண்ட் வந்து நிற்கும். பிறகு அதைத் திருத்த இன்னொரு முறை உட்கார வேண்டும்.

அப்படியானால் ஜூனுக்கு முன்னால் செய்ய ஒன்றுமே இல்லையா?

நிறைய இருக்கிறது. ஜூலையைக் காப்பாற்றுவது ஏப்ரல், மே மாதங்களில் செய்கிற வேலைதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. எண்களைத் தொடாமலேயே முடிக்கக்கூடிய வேலைகள் அவை.

போன வருடக் கிளையன்ட் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரின் வருமான வரி போர்ட்டல் கணக்கும் திறக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கடவுச்சொல் மாறியிருக்கும். பதிவு செய்த கைபேசி எண் பழசாக இருக்கும். வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்து ஐஎஃப்எஸ்சி குறியீடு மாறியிருக்கும். ரீஃபண்ட் வரவேண்டிய கணக்கை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும். ஆதாரோடு இணைக்காத பான் செயலிழந்திருக்கும். இவற்றில் எதுவும் வரிக் கணக்கு இல்லை. ஆனால் ஜூலை 30-ஆம் தேதி ராத்திரி ஒரு ரிட்டர்னை நிறுத்தி வைப்பது பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஊரில் வீட்டு வாடகை வருகிறது, என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் கணக்கு) வைப்பில் வட்டி வருகிறது, வட்டிக்கு டிடிஎஸ் பிடித்திருக்கிறார்கள். ரிட்டர்ன் போட்டால் ஓரளவு ரீஃபண்ட் உண்டு. கணக்கு அரை மணி நேர வேலை. ஆனால் ஆதாரில் இருக்கும் கைபேசி எண், அவர் ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் முடங்கிப்போன இந்திய சிம். ஆதாரில் உள்ள கைபேசி எண்ணை மாற்ற நேரில் போக வேண்டியிருக்கலாம். அவர் அடுத்த விடுமுறைக்குத்தான் வருவார். மே மாதத்திலேயே பார்த்திருந்தால் நெட்பேங்கிங் வழியாக உள்ளே போகலாமா, வங்கிக் கணக்கு மூலம் சரிபார்ப்புக் குறியீடு வாங்கலாமா என்று நிதானமாக வழி தேடியிருக்கலாம். ஜூலை கடைசியில், இரண்டரை மணி நேரம் கடிகாரம் தள்ளியிருக்கும் ஓர் ஊரில் இருப்பவரிடம் ஓடிபி கேட்டுக்கொண்டிருப்பது இரண்டு பேருக்குமே வேதனை.

பங்குத் தரகர் தரும் மூலதன ஆதாய அறிக்கை, வீட்டுக்கடன் வட்டிச் சான்றிதழ், வாடகை ரசீது, காப்பீட்டு பிரீமியம் ரசீது ஆகியவை ஏப்ரலிலேயே கிடைக்கும். அவற்றை அப்போதே வாங்கி வையுங்கள்.

கிளையன்ட்களை எப்படி வரிசைப்படுத்துவது? முதலில் வந்தவருக்கு முதலிலா?

வந்த வரிசை நியாயமாகத்தான் தெரியும். ஆனால் தேதி தவறினால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை வைத்து வரிசைப்படுத்துவதே சரி. எல்லாரும் பேசுவது 234எஃப் பிரிவின் தாமதக் கட்டணத்தைப் பற்றி. மொத்த வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் 5,000 ரூபாய், அதற்குள் இருந்தால் 1,000 ரூபாய். அது தெரிந்த செலவு, அதோடு முடிந்துவிடும். முடியாமல் வருடக்கணக்கில் தொடர்வது வேறு இரண்டு.

முதலாவது, நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லும் உரிமை. ஒருவர் பங்குச் சந்தையில் 4 லட்சம் ரூபாய் குறுகிய கால நஷ்டம் அடைந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டால் அந்த நஷ்டம் எட்டு ஆண்டுகள் வரை அவரோடு வரும். அடுத்த ஆண்டு அவருக்கு அதே 4 லட்சம் குறுகிய கால ஆதாயம் வந்தால் நேர் செய்துகொள்ளலாம். கெடு தவறினால் அந்த நஷ்டம் போனது போனதுதான். 20 சதவீத வரி 80,000, அதன்மேல் 4 சதவீத செஸ் 3,200, ஆக 83,200 ரூபாய் அவர் கையை விட்டுப் போகும். தொழில் நஷ்டத்துக்கும் இதே கதைதான். வீட்டுச் சொத்து நஷ்டத்துக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

இரண்டாவது, கழிவுகள் அதிகம் உள்ள பழைய வரி முறை. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து புதிய முறைதான் இயல்பானது. பழைய முறை வேண்டுமென்றால் கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டுக் கேட்டு வாங்க வேண்டும். தொழில் வருமானம் உள்ளவர் அதே கெடுவுக்குள், பழைய முறையைத் தேர்ந்தெடுப்பதற்கான 10-ஐஈஏ படிவத்தையும் கொடுக்க வேண்டும். வாடகை வீட்டில் இருந்து, 80சி பிரிவின் சேமிப்புக் கழிவை நிரப்பி, அந்தக் கணக்கை நம்பிக் கம்பெனி குறைவாக டிடிஎஸ் பிடித்த ஒரு சம்பளக்காரர் ஆகஸ்டில் ரிட்டர்ன் போட்டால், வாடகைப் படி விலக்கு, 80சி எல்லாம் கழன்றுவிடும். மீதி வரியை வட்டியோடு கையிலிருந்து கட்டுவார்.

இந்த இரண்டு வகையினரைத் தனியாக எடுத்து ஜூலை 10-க்குள் முடித்துவிடுங்கள். அடுத்து, இன்னும் வரி கட்டவேண்டியவர்கள். 234ஏ பிரிவில் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி ஏறும், ஒரு நாள் தாண்டினாலும் முழு மாதம்தான். ரீஃபண்ட் வரவேண்டியவர்கள்தான் அதிகமாகப் போன் செய்வார்கள். வரிசையில் அவர்கள் முன்னால் இருக்கவேண்டிய அவசியமில்லை.

எத்தனை முறை கேட்டாலும் டாக்குமென்ட் வருவதில்லை. என்ன செய்வது?

'உங்க டாக்குமென்ட்ஸ் அனுப்புங்க' என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் எதை அனுப்புவது என்று புரியாது. கிளையன்ட் ஃபார்ம் 16-ஐ மட்டும் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பார். பாக்கி என்ன என்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் அனுப்பும் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். உங்கள் ரிட்டர்ன் தயாராகிக்கொண்டிருக்கிறது. இரண்டே விஷயம் பாக்கி. வீட்டுக்கடன் வட்டிச் சான்றிதழ். வங்கி ஆப்பில் லோன் பகுதியில் கிடைக்கும். பிப்ரவரியில் விற்ற மனையை வாங்கியபோது போட்ட கிரயப் பத்திரத்தின் நகல். பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். ஜூலை 18-க்குள் வந்தால் 22-ஆம் தேதி வரைவைப் பார்வைக்கு அனுப்புகிறோம்."

என்ன வேண்டும், எங்கே கிடைக்கும், எப்போதுக்குள், வந்தால் என்ன நடக்கும் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. பயமுறுத்தல் இல்லை. வயதானவர்களுக்கு இதையே போனில் சொல்லுங்கள். 'சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள்' என்று அவர்கள் மகனோ மகளோ பார்த்து எடுத்துக் கொடுக்க ஒரு வரி செய்தியும் கூடவே அனுப்புங்கள்.

அலுவலகத்துக்கென்று ஒரு கெடு வைத்து அதை ஜூன் மாதமே எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். ஜூலை 20-க்குப் பிறகு வரும் ஆவணங்களுக்குக் கடைசி தேதிக்குள் முடிப்போம் என்ற உறுதி கிடையாது என்று எழுத்தில் இருக்கட்டும். சொன்ன பிறகு அதைக் கடைப்பிடிக்க வேண்டும். தெரிந்தவர் என்று ஒருவருக்குத் தளர்த்தினால், 20-க்குள் ஒழுங்காகக் கொடுத்தவரின் வேலையைத்தான் தள்ளி வைக்கிறீர்கள்.

ஏஐஎஸ்-ல் ஒன்று இருக்கிறது, கிளையன்ட் வேறொன்று சொல்கிறார். நேரமும் இல்லை. எதைப் போடுவது?

ஜூலை கடைசியில் எடுக்கும் மிக மோசமான முடிவு, 'ஏஐஎஸ்-ல் இருப்பதை அப்படியே போட்டுவிடலாம்' என்பது. அதற்கு அடுத்தது, 'கிளையன்ட் சொன்னதைப் போட்டுவிடலாம்' என்பது.

2021 நவம்பரில் ஏஐஎஸ் வந்ததிலிருந்து நம் வேலை நிறைய மாறியிருக்கிறது. சேமிப்புக் கணக்கு வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை, சொத்துப் பதிவு என்று எல்லாம் ஓரிடத்தில் வருகிறது. கிளையன்ட் மறந்துபோன வைப்புத்தொகையை அது ஞாபகப்படுத்தும். அதற்காக அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் முதல் பெயர்க்காரரின் பான் எண்ணில்தான் மொத்த வட்டியும் ஏறும், பணம் யாருடையதாக இருந்தாலும். மியூச்சுவல் ஃபண்டில் ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியது விற்பனையாக வரும். வரிக் கணக்குப்படி அது விற்பனைதான், ஆனால் வாங்கிய விலை சரியாக ஏறியிருக்காது. ஒரே தொகையை இரண்டு இடத்திலிருந்து அனுப்பியிருந்தால் இரண்டு முறை நிற்கும்.

பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை இருக்கிறார் என்று வையுங்கள். ஏஐஎஸ்-ல் வட்டி 3,12,000 என்று காட்டுகிறது. அவரோ, 'எனக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல வட்டி வராதுப்பா' என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவருடைய ஐந்து வருட வைப்பு ஒன்று முதிர்வில் மொத்தமாகத்தான் பணம் தரும். வங்கி ஒவ்வொரு வருடமும் சேர்ந்த வட்டியைக் கணக்கில் காட்டி டிடிஎஸ் பிடித்திருக்கிறது. கைக்கு வராத பணத்தை அவர் வட்டி என்றே நினைக்கவில்லை. வங்கியின் வட்டிச் சான்றிதழை வாங்கி, இத்தனை வருடம் ரிட்டர்னில் எந்த முறையில் காட்டினார் என்று பழைய ஃபைலைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தை விடாதீர்கள். விட்டால் பெங்களூரில் உள்ள மையச் செயலாக்க மையத்திலிருந்து, எண்கள் பொருந்தவில்லை என்று 143(1)(ஏ) அறிவிப்பு வரும், அப்போது அவருக்குத் தூக்கம் போகும்.

வேறுபாடு நியாயமானது என்றால் ஏஐஎஸ்-லேயே கருத்து பதிவு செய்யும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஏன் இந்த எண்ணைப் போட்டோம் என்று இரண்டு வரியில் ஃபைலில் எழுதி வையுங்கள். கிளையன்டும் நீங்களும் விளக்க முடியாத ஓர் எண் ரிட்டர்னில் இருக்கவே கூடாது. அப்படி ஒன்று இருந்தால், தேதி தவறினாலும் பரவாயில்லை, அந்த ரிட்டர்னை அனுப்பாதீர்கள் என்பதே எங்கள் பதில். தாமதக் கட்டணம் ஒருமுறை வருவது. தவறான ரிட்டர்ன் வருடக்கணக்கில் பின்னால் வரும்.

'எப்படியாவது ரீஃபண்ட் வர மாதிரி போட்டுக் கொடுங்க, பக்கத்து சீட்காரருக்கு வந்திருக்கு' என்கிறார்கள். அவசரத்தில் விவாதிக்க நேரமில்லையே?

விவாதிக்க வேண்டாம், மறுத்துவிடுங்கள். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. பொய்யான கழிவுகளைக் காட்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுத்த இடைத்தரகர்கள்தான் இலக்கு. முறைகேடு கண்டறியப்பட்ட மாநிலங்களாகத் துறை சொன்னவற்றில் தமிழ்நாடும் ஒன்று. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தங்கள் ரிட்டர்னைத் திருத்தி 1,045 கோடி ரூபாய் அளவுக்கான பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றதாகவும் துறை அறிவித்தது. கொடுக்காத அரசியல் நன்கொடை, இல்லாத கல்விக்கடன் வட்டி, வாங்காத மின் வாகனக் கடன், கட்டாத வீட்டு வாடகை என்று போட்டிருக்கிறார்கள்.

270ஏ பிரிவின்படி வருமானத்தைத் தவறாகக் காட்டியதற்கு, ஏய்த்த வரியில் 200 சதவீதம் அபராதம் உண்டு. அபராதத்தைக் கட்டப்போவது அந்தச் சம்பளக்காரர். கமிஷன் வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்தவர் போனை எடுக்கமாட்டார். நம்மை நம்பி வருபவரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதையும் இதனாலேயே தவிர்க்கச் சொல்கிறோம். அப்படிப் பேசிவிட்டால் ரீஃபண்டைக் கூட்டுவது நம் ஆதாயமாகிவிடுகிறது.

2025-26 ரிட்டர்ன் படிவங்கள் பாலிசி எண், கடன் கொடுத்த வங்கி, வாடகை விவரம் என்று ஒவ்வொரு கழிவுக்கும் தனித்தனியாகக் கேட்டன. 'படிவமே கேட்கிறது சார், ரசீது இல்லாமல் போட முடியாது' என்ற ஒரு வரி இப்போது நமக்குப் பெரிய துணை.

டேட் எக்ஸ்டெண்ட் ஆகுமாமே?

ஜூலை 20-க்குப் பிறகு ஒவ்வொரு போனிலும் இந்தக் கேள்வி வரும். நடந்ததைச் சொல்கிறோம். 2021-ல் கோவிட் காரணமாகக் கெடு முதலில் செப்டம்பர் 30 ஆனது, ஜூன் 7 அன்று தொடங்கிய புதிய போர்ட்டல் தடுமாறியதால் பிறகு டிசம்பர் 31 என்று போனது. 2022, 2023, 2024 மூன்று வருடமும் ஜூலை 31 நகரவில்லை. அந்த வருடங்களிலும் 'கட்டாயம் நீட்டிப்பார்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. 2025-ல் படிவங்கள் மாறியிருந்ததால் மே 27 அன்றே மத்திய நேரடி வரிகள் வாரியம் செப்டம்பர் 15 வரை நீட்டித்தது. பிறகு அந்தக் கடைசி நாள் நள்ளிரவு நெருங்கும்போது மேலும் ஒரே ஒரு நாள் கொடுத்தது.

இதை வைத்து யாரும் திட்டம் போட முடியாது. வாரியத்தின் அறிவிப்பு கண்ணில் படும்வரை பழைய தேதிதான் தேதி. நீட்டித்தால் அதை வேலையைத் தள்ளிப்போட அல்ல, சந்தேகமான ஃபைல்களை இன்னொரு முறை பார்க்கப் பயன்படுத்துங்கள்.

கடைசி நாட்களில் போர்ட்டல் மெதுவாகிவிடுகிறது. எப்படிச் சமாளிப்பது?

2024 ஜூலை 31 அன்று ஒரே நாளில் 69.92 லட்சம் ரிட்டர்ன்கள் தாக்கலாயின. அந்த வருடம் கெடுவுக்குள் வந்த மொத்தம் 7.28 கோடி. அன்று மாலை 7 முதல் 8 வரையிலான ஒரு மணி நேரத்தில் மட்டும் 5.07 லட்சம். அந்த நேரத்தில் நீங்களும் கணினி முன்னால் இருந்தால் சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். விடிகாலையிலும் காலை ஒன்பது மணிக்கு முன்னாலும் ஏற்றிவிடுங்கள்.

பதிவேற்றத்தையும் தயாரிப்பையும் பிரித்துவிடுவது பெரிய நிம்மதி. துறையின் ஆஃப்லைன் மென்பொருளிலோ நீங்கள் வைத்திருக்கும் வரி மென்பொருளிலோ முழுக்க முடித்து, போர்ட்டலில் ஏற்றக்கூடிய ஜேசன் (JSON) கோப்பாகச் சேமித்து, கிளையன்டின் சம்மதமும் வாங்கி வைத்துவிட்டால், போர்ட்டல் திறக்கிற நேரம் பார்த்து வரிசையாக ஏற்றலாம். கட்டவேண்டிய வரியை 29-ஆம் தேதிக்குள் கட்டச் சொல்லுங்கள். சலானில் மதிப்பீட்டு ஆண்டு சரியா என்று நீங்களே பாருங்கள். நிதியாண்டையும் மதிப்பீட்டு ஆண்டையும் மாற்றித் தேர்ந்தெடுப்பது வருடா வருடம் நடக்கிறது, அந்தப் பணம் வேறு வருடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

ஓடிபி வராமல் இழுத்தால் பதற வேண்டாம். ரிட்டர்னை ஏற்றிய நாளிலிருந்து 30 நாளுக்குள் இ-வெரிஃபை (ஓடிபி போன்றவற்றால் ஆன்லைனில் சரிபார்ப்பது) செய்தால், ஏற்றிய தேதியே தாக்கல் தேதி. முதலில் ஏற்றிவிடுங்கள், சரிபார்ப்பை மறுநாள் பார்க்கலாம். ஆனால் 30 நாள் தாண்டினால் சரிபார்த்த தேதிதான் தாக்கல் தேதியாகும், தாமத விளைவுகள் எல்லாம் வந்து சேரும்.

போர்ட்டல் உண்மையிலேயே முடங்கினால் நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, போர்ட்டலிலேயே புகார் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் விளக்கம் கொடுக்க அதுதான் ஆதாரம்.

ஜூலை கடைசி வாரத்தில் புதிதாக ஒருவர் வந்தால் ஏற்கலாமா?

சம்பளமும் சேமிப்பு வட்டியும் மட்டும், ஃபார்ம் 16 கையில், போர்ட்டல் திறக்கிறது என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தில் முடிந்துவிடும்.

பங்கு விற்பனை, மனை விற்பனை, வெளிநாட்டுச் சொத்து என்றால் வேறு விஷயம். சாஃப்ட்வேர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் பலரிடம் அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் பங்குகள் இருக்கின்றன. அவற்றை வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியாது. காட்டாவிட்டால் 2015-ஆம் வருடக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் போட இடமிருக்கிறது. அந்தச் சொத்துகளின் மதிப்பு நிதியாண்டுக்கு அல்ல, காலண்டர் ஆண்டுக்குக் கேட்கப்படும். விலையும் டாலர் மாற்று விகிதமும் தேடித் தேடி எடுக்க வேண்டும். அதை ஒரு ராத்திரியில் ஒழுங்காகச் செய்ய முடியாது. 'உங்களுக்கு இந்த வாரத்தில் சரியாகச் செய்து தர முடியாது, ஆகஸ்டில் செய்தால் இவ்வளவு கட்டணம் ஆகும், இன்னின்ன இழப்பு உண்டு' என்று கணக்குப் போட்டுக் காட்டி அவரையே முடிவெடுக்க விடுங்கள்.

ராத்திரி கண்விழித்து முடித்துவிடலாமா? எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

செய்கிறார்கள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறோம். நள்ளிரவுக்கு மேல் நடக்கும் தவறுகள் வரிச் சட்டம் தெரியாமல் நடப்பவை அல்ல. 1,86,000 என்பது 1,68,000 ஆகும். அண்ணனின் ரிட்டர்னில் தம்பியின் வங்கிக் கணக்கு ஏறும். பழைய முறைக்குக் கணக்குப் போட்டுவிட்டு, படிவத்தில் புதிய முறையை விட்டுவிடுவோம். பொத்தானை அழுத்தியபிறகு இவை கண்ணுக்குத் தெரியாது. அறிவிப்பு வரும்போதுதான் தெரியும்.

எண்களை ஏற்றியவர் அனுப்பக் கூடாது, இன்னொருவர் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். தனியாக வேலை செய்பவர் என்றால் இன்றைக்குத் தயாரித்ததை நாளைக் காலையில் படித்துப் பார்த்து அனுப்புங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு ஆவணம் பிரிப்பது, செய்தி அனுப்புவது போன்றவை இருக்கட்டும், தாக்கல் வேண்டாம். பகலில் போனுக்கென்று நேரம் ஒதுக்கி அதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் கவனம் அறுவது நிற்கும்.

அலுவலகம் நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் ஆர்ட்டிகிள்ஷிப் (பட்டயக் கணக்காளர் பயிற்சி) செய்யும் பிள்ளைகளுக்கு இருபது, இருபத்திரண்டு வயது. 'முடித்துவிட்டுப் போ' என்றால் மறுத்துப் பேசத் தெரியாது. இரவு தாமதமானால் வீடு சேர வண்டி ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு. காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பவரை அனுப்பி வைப்பதும்தான். எரிச்சலில் கிளையன்ட் கத்தும்போது போனை வாங்கி நீங்கள் பேசுங்கள். ஜூலை முடிந்தவுடன் ஒருவர் வேலையை விட்டுப் போவது சம்பளத்தால் மட்டும் அல்ல, அந்த மாதம் அவரை எப்படி நடத்தினோம் என்பதாலும்தான்.

கடைசி நேரத்தில் வருபவரிடம் கூடுதல் கட்டணம் வாங்கலாமா?

வாங்கலாம், ஜூன் மாதமே சொல்லியிருந்தால். 31-ஆம் தேதி மாலை ஒருவர் பதற்றத்தில் இருக்கும்போது புதிதாக ஒரு தொகையைச் சொல்வது நியாயமில்லை.

எல்லாம் செய்தும் ஒருவருக்குத் தேதி தவறிவிட்டது. அவரிடம் என்ன சொல்வது?

முதலில், நீங்களே போன் செய்து சொல்லுங்கள், செய்தியாக அனுப்பாதீர்கள். பிறகு வழிகளைச் சொல்லுங்கள். டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்புக்குள் இருந்து, வேறு கட்டாயமும் இல்லாமல் ரீஃபண்டுக்காக மட்டும் போடுபவருக்குத் தாமதக் கட்டணமே கிடையாது. இது தெரியாமல் பலர் பயந்துபோய் விட்டுவிடுகிறார்கள். டிசம்பரும் தாண்டினால் புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன் இருக்கிறது. 2025 நிதிச் சட்டத்துக்குப் பிறகு மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை போடலாம், கூடுதல் வரி 25 சதவீதத்தில் தொடங்கி 70 வரை போகும். ஆனால் அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது. மருத்துவமனையில் இருந்தார் என்பது போன்ற உண்மையான காரணமும் சான்றும் இருந்தால், 119(2)(பி) பிரிவின் கீழ்த் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு கொடுக்கலாம்.

ஆகஸ்ட் 1 காலையில் என்ன செய்வது?

தூங்குங்கள். மதியத்துக்கு மேல் வந்து, ஏற்றிவிட்டு இன்னும் இ-வெரிஃபை ஆகாதவர்களின் பட்டியலை எடுங்கள். அந்த 30 நாள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அவசரத்தில் முடித்த ஃபைல்களில் எதில் மனசுக்குச் சந்தேகம் இருந்ததோ அவற்றைத் தனியாக வைத்து அந்த வாரத்துக்குள் மறுபடி பாருங்கள், திருத்திய ரிட்டர்ன் போட டிசம்பர் 31 வரை இடமிருக்கிறது. 139(9) பிரிவில் குறைபாட்டு அறிவிப்பு வந்தால் பதில் கொடுக்கப் பதினைந்தே நாள்; கிளையன்டின் மின்னஞ்சலுக்குப் போய் அவர் பார்க்காமலே விட்டுவிடுவார் என்பதால், வாரம் ஒருமுறை எல்லாருடைய போர்ட்டல் கணக்கையும் திறந்து பார்க்கும் வேலையை ஒருவரிடம் கொடுங்கள். வரித் தணிக்கைக் கிளையன்ட்களுக்கு அறிக்கைக் கெடு செப்டம்பர் 30. அவர்களுடைய வங்கி ஸ்டேட்மென்ட்டைக் கேட்டு முதல் செய்தி ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே போகட்டும்.